போகியன்று உருண்ட மண்டையோடு

கனகாவுக்கு வயிறு எரிந்தது என்றால் சும்மா எரியவில்லை, கொழுந்துவிட்டு எரிந்தது. பின்னே? மாகறலிலிருந்து டாக்டருக்குப் படிக்கப்போகும் முதல் பெண் தான்தான் என்று அவள் நிமிர்ந்து நின்றால், அதே வருடம், அதே வகுப்பு, அதே விடுதி அறையில் வந்து உட்கார்ந்தாள் மலர்க்கொடி. யார்? கனகா வீட்டு நிலத்தில் களையெடுக்கும் பாக்கியமேரியின் மகள்!

அது போதாதென்று உடற்கூறு பேராசிரியர் வேறு. "கிளாஸ்ல நான் சொல்றது கால்வாசிதான். மீதியை நீங்களாத் தேடிப் படிக்கணும்" என்பார். சொல்லிவிட்டு, "மலர்க்கொடி மாதிரி" என்று ஒரு வாலைச் சேர்ப்பார். அந்த வால்தான் கனகாவுக்குத் தாங்காது. பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஒரு பரீட்சை. துணிப்பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே எந்த எலும்பு என்று சொல்ல வேண்டும். அதிலாவது அவளை மண்ணைக் கவ்வவைக்காமல் விடுவதில்லை என்று இருந்தாள் கனகா.

சீனியரிடமிருந்து வந்த எலும்பு செட் இருவருக்கும் பொது. விடுமுறைக்கு மண்டையோட்டையும் கை எலும்புகளையும் ஒருத்தி, கால் எலும்புகளை ஒருத்தி எடுத்துப்போய், நடுவில் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. மலர்க்கொடி குளிக்கப்போன நேரம் பார்த்துக் கனகா மொத்தத்தையும் தன் பைக்குள் அடைத்தாள். உத்திரமேரூர் பஸ்ஸில், "அய்யய்யோ, எலும்பை ரூம்லயே வெச்சிட்டேண்டி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நன்றாகவே நடித்தாள்.

ஊருக்கு வந்தபிறகுதான் உறைத்தது. பண்டிகை நேரத்தில் வீட்டுக்குள் பிண எலும்பா? அம்மா தாயாரம்மாள் பார்த்தால் வீட்டையே கழுவிவிடுவாள், மகளையும் சேர்த்து. பையை மோட்டார் கொட்டகை மூலையில் சாக்குக்கு அடியில் தள்ளினாள். ஆள் நடமாட்டத்தில் ஒருநாள்கூட அதைத் திறக்க முடியவில்லை. போகட்டும், மலர்க்கொடியும் படிக்கவில்லையே! அந்த நினைப்பிலேயே சோறு இறங்கியது.

போகியன்று தாயாரம்மாள் கொட்டகையைச் சுத்தம் செய்ய வைத்தாள். பாக்கியமேரி சாக்கை இழுத்தாள். பை கவிழ்ந்து மண்டையோடு உருண்டது.

"ஐயோ, செய்வினை வெச்சிட்டாங்களே!" என்று அலறினாள் தாயாரம்மாள். "மேரி, தெனம் இங்க வந்து போறவ நீதானே? இன்னா பண்ணி வெச்சிக்கீற, சொல்லு!"

கூடமாட ஒத்தாசைக்கு வந்திருந்த மலர்க்கொடி பையைப் பார்த்தாள். பிறகு கனகாவைப் பார்த்தாள். கனகா சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மாவிடம் அடி விழும், மலர்க்கொடி முன்னால் மானம் போகும். எதுவும் தெரியாதவள்போல் சாக்கை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"அது என்னுதும்மா" என்றாள் மலர்க்கொடி. "எங்க வூட்ல எடமில்லன்னு நான்தான் வெச்சேன். லீவுல நாங்களா படிக்கணும்னு சார் சொல்லிக்கீறாரு."

"கேக்காம வெப்பியாடி? மொதல்ல எடுத்துக்கினு போ!"

மலர்க்கொடி எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கனகாவைத் தாண்டும்போது, "ரெண்டு பாதியும் எங்க வூட்லதான் இருக்கும். படிக்கணும்னா வா கனகா" என்றாள் மெதுவாக.

நன்றி தோன்ற வேண்டிய இடத்தில் கனகாவுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. பொய் சொல்வதில்கூட அவளா முந்திக்கொள்ள வேண்டும்?

சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த தாயாரம்மாளுக்குக் கோபம் பாதி ஆறியிருந்தது. போகிறவளையே பார்த்தாள்.

"பண்டிகையன்னிக்கும் எலும்பைக் கட்டிக்கினு அழுவுது பாரு அந்தப் பொண்ணு. நீயும் கீறியே! வந்ததுலேர்ந்து எதையாச்சும் தொட்டுப் பாத்தியா?"