இரண்டாம் வருஷம்

பனியன் கம்பெனி நடத்திய திருமூர்த்தி எழுதிக்கொடுத்த அனுபவச் சான்றிதழில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மைதிலியைப் புகழோ புகழென்று புகழ்ந்திருந்தார். அதனால்தான் காரியம் கெட்டது.

பல்லடம் ரோட்டில் இருந்த அந்த மாலைநேரக் கல்லூரியின் முதல்வர் அம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல உங்களை நிர்வாகப் பங்குதாரர்னு போட்டிருக்காங்க. நீங்க முதலாளியா?"

"இல்லீங்க மேடம். நான் அங்க வேலை பார்த்தனுங்க."

"அப்படி இதுல ஒரு வரிகூட இல்லையேம்மா."

மைதிலி எட்டிப் பார்த்தாள். உண்மைதான். தொழிலாளர்களைப் பெற்ற பிள்ளைகள்போல் காத்தவர், குடும்பத்தின் குலவிளக்கு என்றெல்லாம் இருந்தது. மிஷின் என்ற சொல்லையே காணோம். கீழே கம்பெனி முத்திரை வேறு. ரூபாய் மதிப்பு ஏறி ஆர்டரெல்லாம் கைவிட்டுப் போன 2007இல் கம்பெனியை இழுத்து மூடி, மிஷின்களையும் விற்றாகிவிட்டது. முத்திரையை மட்டும் மனுஷர் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார்.

அந்தக் கல்லூரியில் ஆயத்த ஆடைப் பட்டப்படிப்பு மூன்று வருஷம். முன்பே கல்லூரியில் படித்து நிறுத்தியவர்களுக்கு அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்து முதல் வருஷத்தைக் கழிப்பார்கள். பனியன் கம்பெனியில் நெடுங்காலம் வேலை பார்த்தவர்களுக்கு அந்த அனுபவத்துக்காக இரண்டாம் வருஷத்தையும் கழிப்பார்கள். மீதி ஒரு வருஷம் படித்தால் பட்டம். அந்த ஒரு வருஷத்துக்குத்தான் வீட்டில் அனுமதி. கணவன் செல்வக்குமார் நல்லவன்தான். ஆனால் அவன் நல்லதனத்துக்கும் ஓர் அளவு உண்டு. "ஒரு வருஷம்னா நானும் புள்ளையும் தோசையச் சுட்டுத் தின்னு சமாளிச்சுக்கறோம். அதுக்கு மேல ஆகாது மைதிலி" என்று சொல்லியிருந்தான். அவளுடைய பழைய மதிப்பெண்களைப் பார்த்ததுமே முதல் வருஷத்தைக் கழித்துவிட்டார்கள். இரண்டாவதுதான் இப்போது தொங்கியது.

"முதலாளியா இருந்து மேற்பார்வை பார்த்ததுக்கெல்லாம் கழிக்க முடியாதும்மா. கையால செஞ்ச வேலைக்குத்தான். சனிக்கிழமை குழு உட்காருது. நீங்க வேலை பார்த்ததை நேர்ல பார்த்தவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார் முதல்வர்.

மைதிலி வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றாள். பையும் கையுமாகப் பிள்ளைகள் நின்ற அந்த நிறுத்தத்தில் அவளுக்குத் தன் பழைய பஸ் நினைவுக்கு வந்தது. மங்கலத்திலிருந்து காலையில் திருப்பூர்க் கல்லூரிக்கு வருவாள். விசைத்தறிச் சத்தம் ஊர் எல்லைவரை கூடவே வரும், தாண்டியதும் பொசுக்கென்று அடங்கும். அந்த அமைதியில் கணக்குப் புத்தகத்தைப் பிரிப்பாள். இரண்டாம் வருஷத்தின் நடுவில் கல்யாணம் கூடிவந்தது. "அதுக்கென்ன, கல்யாணத்துக்கப்புறம் படிக்கட்டுமே" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்னவர்கள் பந்தியில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அவளுக்கும் வருத்தப்பட நேரம் இருக்கவில்லை. புகுந்த வீடு மாடியில், கணவனின் அண்ணன் திருமூர்த்தி நடத்திய கம்பெனி கீழே. மறு வருஷமே, ஷிப்மென்ட் தலைக்குமேல் நிற்கும்போது துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் டைலர் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். திருமூர்த்தி இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மைதிலி சும்மா ஓட்டிப் பார்க்கலாமே என்று அந்த மிஷினில் உட்கார்ந்தாள். முதல் பீஸ் கோணல்மாணலாகப் போயிற்று. சாயங்காலத்துக்குள் நேராக வந்தது. அதன்பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை. சில வருஷம் ஓவர்லாக், பிறகு செக்கிங், பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பும் சாம்பிள் தைப்பது என்று பதினைந்து வருஷம் ஓடிப்போயிற்று.

என்ன நாட்கள் அவை! மூலையில் ரேடியோ பாடும். மிஷின் சத்தத்தில் பாட்டு பாதிதான் காதில் விழும், மீதியை ஆளாளுக்குப் பாடி நிரப்புவார்கள். சாயங்காலம் டீயும் பன்னும் வரும். பன்னை டீயில் முக்கித் தின்பதா, தனியாகத் தின்பதா என்று தினமும் ஒரு சண்டை. கரண்ட் போனால் எல்லா மிஷினும் ஒன்றாக நிற்கும். அதுவரை கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் அந்தரத்தில் மாட்டிக்கொள்ளும். ஒரு தடவை பக்கத்து மிஷின் ஒச்சாயி, மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருந்தது அப்படித்தான் தெருமுனைவரை கேட்டது. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு, கண் எரிய எரிய, யார் யாருக்கு என்ன நிறத்தில் புடவை என்று பேசுவார்கள். அயர்ன் பட்ட புதுத்துணியின் வாசனையை இப்போது நினைத்தாலும் மைதிலி மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வாள். அவள் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக இருந்தது அந்த நீள அறையில்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. வெளியாள் வரும்போது அவள் மிஷினில் இருக்கக் கூடாது. தோட்டம் துரவோடு இருந்த குடும்பம். அந்த வீட்டு மருமகள் கூலியாட்களோடு வரிசையில் உட்கார்ந்து தைக்கிறாள் என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், திருமூர்த்தி உள்ளே திரும்பி, "ஊட்ல காப்பி இருக்குதுங்களா?" என்று குரல் கொடுப்பார். மைதிலி பாதியில் எழுந்து பின்படி வழியாக மாடிக்கு ஓடுவாள். தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டி, முகம் கழுவி, பொட்டு வைத்து, தட்டில் காப்பியோடு முன்படியில் இறங்கி வருவாள். அவள் விட்டுப்போன பீஸை ஒச்சாயி எடுத்து முடிப்பாள். அத்தனை பேர் வேலை பார்த்தார்கள், ஒருவர்கூட வெளியே வாய் திறந்ததில்லை. அது கம்பெனியின் மானம் என்று அவர்களும் நினைத்தார்கள். அப்போதெல்லாம் மைதிலிக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே அவள் திருமூர்த்தியைப் பார்க்கப் போனாள்.

"மாமா, நான் டைலரா, செக்கிங்கா இருந்தன்னு சனிக்கெழமை நேர்ல வந்து நீங்க சொல்லோணுமுங்க."

அவர் கையிலிருந்த பேப்பர் கீழே இறங்கியது. "டைலரா? அம்முணி, நம்ம ஊட்டுப் புள்ளைய என்ற வாயாலயே டைலர்னு சொல்றதா? முதலாளீன்னு எழுதிக் குடுத்திருக்கறன். அதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?"

"மரியாதை இருக்கட்டுமுங்க மாமா. வேலை பார்த்தன்னு சொன்னாப் போதும்."

"என்ற மக யாழினிக்கு உடுமலைப்பேட்டைல சம்பந்தம் பேசிட்டிருக்கறோம். தென்னந்தோப்புக்காரங்க. அவங்க காதுல விழுந்தா என்னாகறது? அதுவுமில்லாம அந்தக் குழுவுல ஆரு உக்கார்றாங்கன்னு தெரியுமா? நம்ம மாரப்பன். அவரு முன்னாடி போயி நின்னு நான் இதச் சொல்லோணுமா?"

மாரப்பன் பெரிய ஏற்றுமதிக்காரர், திருமூர்த்திக்குப் பழைய சிநேகிதர். தொழில் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று கல்லூரிக்காரர்கள் அவரைக் குழுவில் போட்டிருந்தார்கள்.

மைதிலிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை காலத்தில் அவரை அவள் எதிர்த்துப் பேசியதே இல்லை. "அப்ப நான் பதினஞ்சு வருஷம் என்ன பண்ணுனனுங்க மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

மிச்சமிருந்தது ஒச்சாயிதான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் திருப்பூருக்கு வந்தவள். கம்பெனி மூடிய பிறகு வேறு இடத்தில் தைத்துக்கொண்டிருந்தாள். மைதிலி விவரமாக எடுத்துச் சொன்னதும், "இதுக்குப் போயி கலங்குறீகளே! நான் வந்து சொல்றேன்க்கா. நான் சொல்ற சொல்லுல அவுக அசந்துபோகணும்" என்றாள்.

சனிக்கிழமை ஒச்சாயி, பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். உள்ளே முதல்வரும் இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் வெள்ளைச் சட்டையில் மாரப்பன்.

"சொல்லுங்கம்மா. இவங்க உங்க கம்பெனியில என்ன வேலை செஞ்சாங்க?" என்று கேட்டார் முதல்வர்.

ஒச்சாயி வாயைத் திறந்தாள். மாரப்பனைப் பார்த்தாள். எத்தனையோ தடவை வாசலில் செருப்பைக் கழற்றிய ஆள் அல்லவா? பழக்கம் முந்திக்கொண்டது.

"வேலையா? இவுக எங்க முதலாளியம்மாங்க. மகாராணி கணக்கா இருப்பாக. ஒரு நூலை அத்துப்போட நாங்க விட்டதில்ல. மேலேருந்து காப்பி கொண்டாருவாக, அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு, எப்படிக் காப்பாற்றினேன் பார்த்தாயா என்பதுபோல மைதிலியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"நானும் எத்தனையோ தடவை போயிருக்கறனுங்க மேடம்" என்றார் மாரப்பன். "ஒருக்காகூட இவங்களை மிஷின்ல பார்த்ததில்லீங்க." அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பார்த்ததைத்தான் சொன்னார்.

முதல்வர் பேனாவை எடுத்தார். இல்லீங்க மேடம் என்று சொல்ல மைதிலி எழுந்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நீங்க எப்பிடி மாரப்பன் பார்த்திருப்பீங்க? நீங்க வந்தா அவ மேல போயிருவா."

கதவருகே திருமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. சலவை வேட்டி, கையில் கார்ச் சாவி. முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது.

"நான்தானுங்க போகச் சொல்லுவன். நீங்க குடிச்ச ஒவ்வொரு காப்பிக்கும் அவ தெச்சுட்டிருந்ததப் பாதில போட்டுட்டு எந்திரிச்சிருக்கறா." முதல்வர் பக்கம் திரும்பினார். "டைலருங்க மேடம். ஓவர்லாக் டைலர். அப்புறம் செக்கிங். கடைசி வரைக்கும் எங்க சாம்பிளெல்லாம் அவ கையிதானுங்க. நான் எழுதிக் குடுத்தது மரியாதைக்கு. நெசம் இதுதானுங்க."

இதைச் சொல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. வராந்தாவில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

மாரப்பன் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆரம்பத்துல எங்க ஊட்டம்மாவும் இப்பிடித்தானுங்க தெச்சாங்க" என்றார் மெதுவாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "கழிச்சுக் குடுத்துருங்க மேடம்" என்றார்.

இரண்டாம் வருஷம் கழிந்தது. மைதிலி அழுதாள். வெட்கப்படாமல் அழுதாள். நாலு பேர் நடுவில் அவளை டைலர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்த பட்டம் பதவி எதுவும் இந்த ஒரு சொல்லுக்கு ஈடில்லை என்று தோன்றியது. திருமூர்த்தி அவள் முகத்தைப் பார்க்காமல், "வண்டியத் திருப்பறன், வாங்க" என்று வேகமாக வெளியே போய்விட்டார்.

வராந்தாவில் ஒச்சாயி குறுகிப்போய் நின்றாள். "நான் கெடுக்கப் பாத்தேனேக்கா. அந்த ஐயாவக் கண்டதும் நாக்கு தானா அப்படிப் போயிருச்சு."

மைதிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அசந்துதான் போயிட்டாங்க போ! அதெல்லாம் ஒண்ணும் கெடல. விடு."

ஒச்சாயியும் சிரித்தாள். ஆனால் நகரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கல்லூரி அறிவிப்பை நிறுத்தி நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, வேல பாத்ததுக்கு ஒரு வருசம் கழிப்பாகன்னு போட்டுருக்கே. இது எங்கள மாதிரி ஆளுகளுக்கும் உண்டா?"

"உண்டுதான் ஒச்சாயி. ஆனா பன்னெண்டாவது பாஸ் பண்ணியிருக்கோணுமே."

"பண்ணியிருக்கேன்க்கா. எங்க பள்ளிக்கூடத்துல ரெண்டாவது மார்க்கு. அந்த லீவுலதான் இங்கிட்டு வேலைக்கு அனுப்புனாக."

மைதிலியின் சிரிப்பு நின்றுபோயிற்று. பதினைந்து வருஷம் முழங்கை இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவள் தங்கைகளின் பெயர் மைதிலிக்குத் தெரியும். எந்தக் கண்ணில் அடிக்கடி கட்டி வரும் என்றுகூடத் தெரியும்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா?" என்றாள் ஒச்சாயி. அவள் குரலில் கோபமில்லை, குறையுமில்லை.

வெளியே கார் ஹாரன் கேட்டது. உள்ளே நாற்காலிகளை இழுக்கும் சத்தம். குழு எழுந்துகொண்டிருந்தது. மைதிலி ஒச்சாயியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

"மேடம், எந்திரிச்சுராதீங்க. இன்னொருத்தங்க இருக்கறாங்க."