ஒஸ்தாவின் கத்தி

என்னை நல்ல ரீச்சர் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். எண்பத்தோராம் ஆண்டு நான் பார்த்த வேலையைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

கல்முனையில் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் பாடசாலை ஒன்றில் நான் அப்போது தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் சம்பளம் இல்லை, ஐந்து வருடமாக இல்லை. மூன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முப்பது வயது தாண்டினால் நியமனம் கிடையாது என்றார்கள். எனக்கு ஆவணியில் முப்பது. வீட்டில் படுத்த படுக்கையாக ஐயா, கலியாணம் ஆகாத இரண்டு தங்கச்சிமார். ஆனி மாதம் கல்வி அதிகாரி வகுப்புப் பார்க்க வருகிறார், அவர் எழுதப்போவதுதான் கடைசிப் பட்டியல் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாடசாலை அதிபர் மசூர் சேர் என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார்.

"அன்ரனீற்றா, பாடம் நடக்கக்குள்ள எவன் வந்து கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதீங்க. போன கிழமை வேற பள்ளிக்கூடத்தில ஒரு ரீச்சர் ஒரு புள்ளைர தகப்பனோட கதைக்க வெளியால போயித்தா. அதிகாரி அந்த இடத்திலயே பேரை வெட்டிட்டாராம்."

பாடம், தொழில்களும் அவற்றின் கருவிகளும். எனக்குப் படம் கீற வராது. அதனால் முதல்நாள் பிள்ளைகளை மிரட்டினேன். "நாளைக்கு ஒவ்வொராளும் வாப்பாட தொழில் சாமான் ஒண்டு கொண்டு வரணும். வெறுங்கையோட வாற ஆள் வகுப்புக்குள்ள வரப்படாது."

மறுநாள் என் மேசை நிறைந்துவிட்டது. தச்சனின் வாள், வலைத்துண்டு, வேளாண்மை வெட்டுகிற கத்தி, தையல்காரரின் அளவு நாடா. கடைசியாக முனவ்வறா என்ற சின்னப் பிள்ளை, சீலையில் சுற்றிய ஒரு சிறு கத்தியைப் பக்குவமாக வைத்தாள். அவளுடைய வாப்பா மீராசா அந்த ஊரின் ஒஸ்தா. ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்கிறவர் அவர்தான். கத்தியைக் கண்டதும் பொடியன்மார் முன்வாங்கில் இருந்து பின்வாங்குக்குப் பாய்ந்தார்கள். "எனக்கு முடிஞ்சிது, உனக்குத்தான்டா இருக்கு" என்று ஒருவன் மற்றவனைச் சீண்டினான்.

"வாப்பாட்டக் கேட்டியா?" என்றேன்.

"இல்ல ரீச்சர். பெட்டிக்குள்ள இருந்திச்சி, எடுத்தன். மணி அடிச்ச உடனே கொண்டு வச்சிருவன்."

திருப்பி அனுப்பியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து அதிகாரியின் கார் வாசலில் வந்து நின்றது. நான் கத்தியை மேசையிலேயே விட்டுவிட்டேன்.

அதிகாரி பின்வரிசையில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாடம் அருமையாகப் போனது. வாளைத் தூக்கிக் காட்டினால் "கார்பென்ரர்" என்றார்கள், வலையைக் காட்டினால் "பிஷர்மன்" என்றார்கள். தெருவில் றபான் பறை அடிக்கிற சத்தமும் பெண்களின் குரவையும் கேட்டன. அப்துல் ஹமீட் ஹாஜியார் வீட்டில் அன்று சுன்னத்து. சுன்னத்து மாப்பிள்ளைப் பொடியனை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். அதிகாரி ஏதோ எழுதினார், அவர் முகம் மலர்ந்திருந்தது.

ஊர்வலம் போய்க் கொஞ்ச நேரத்தில் மீராசா ஒஸ்தாவைக் கண்டேன். வகுப்பின் அரைச்சுவருக்கு வெளியே, வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்ட, மூச்சிரைக்க நின்றார். சபைக்கு நடுவில் பெட்டியைத் திறந்திருக்கிறார், கத்தி இல்லை, மகள்தான் பாடசாலைக்கு எடுத்துப் போயிருப்பாள் என்று ஓடிவந்திருக்கிறார். பிள்ளையை உரலில் இருத்திவிட்டால் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்குக்கு முதல் காரியம் முடிய வேண்டும், இருத்திய பிள்ளையைச் சும்மா எழுப்பக்கூடாது. நான் கிறிஸ்தவ வேதக்காரிதான், ஆனாலும் இந்த மண்ணில் பிறந்தவள். எனக்கு அது தெரியும்.

பெரிய மனிதர் இருக்கிற இடத்தில் கூப்பிடாமல் நுழைந்து பழக்கமில்லாதவர் அவர். விரலை நீட்டி மேசையைக் காட்டினார். அவருடைய கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேர் சந்தித்தன. கத்தி என் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது.

"ரீச்சர்" என்றார், மெதுவாக.

நான் அவருக்கு முதுகைக் காட்டினேன். "எல்லாரும் சத்தமாச் சொல்லுங்க" என்றேன். பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். அவர் இன்னொரு தரம் கூப்பிட்டிருப்பார். கேட்கக்கூடாது என்றுதானே கத்தச் சொன்னேன், பாவி.

முனவ்வறாவின் முறை வந்தது. கத்தியைத் தூக்கிக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்தபடி ஒரு இங்கிலீஷ் வசனத்தைப் பிழையில்லாமல் சொன்னாள். அதிகாரி கைதட்டினார். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் பாங்கு கேட்டது. திரும்பிப் பார்த்தேன், அரைச்சுவருக்கு வெளியே யாரும் இல்லை.

ஹாஜியார் வீட்டார் கார் அனுப்பி நிந்தவூரில் இருந்து வேறொரு ஒஸ்தாவைக் கொண்டுவந்தார்கள். சபையில் ஊர் மானம் போய்விட்டதென்று பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்காயர்மார் கூடிப் பேசி, தகப்பன் வழியாக மீராசாவுக்கு வந்த, ஊரில் சுன்னத்துச் செய்கிற உரிமையை அந்த நிந்தவூர்க்காரருக்கே கொடுத்துவிட்டார்கள். முனவ்வறா அதற்குப் பிறகு பாடசாலைக்கு வரவில்லை. ஆடி மாதம் எனக்கு நியமனக் கடிதம் வந்தது. தங்கச்சிமார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மீராசா முற்றத்தில், யாருடைய வேலிக்கோ கூலிக்கு ஓலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பி, தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அதுவே என்னைக் கொன்றது. முனவ்வறா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவள் முழங்காலுக்குக் கீழே அடிபட்ட தழும்பு.

"கத்தியை எடுத்ததுக்கு வாப்பா அடிச்சிட்டார் ரீச்சர். நான் வாப்பாட்டச் சொன்னன், ரீச்சர் உங்களக் காணல்ல, கண்டிருந்தா உடன எடுத்துத் தந்திருப்பா எண்டு. என்ன ரீச்சர்?"

நான் நிமிர்ந்து மீராசாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையின் தலையில் கையை வைத்தார்.

"ஓம் மகள்" என்றார். "ரீச்சர் காணல்லதான். நாளையிலருந்து ரீச்சர்ட வகுப்புக்குப் போ."