பாலைக்கு ஒரு சேலை

சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஐந்து கடதாசித் துண்டுகளைப் போட்டுக் குலுக்கியபோது தர்ஷனாவுக்கு இருந்த சந்தோஷப் புளுகம் சொல்லி மாளாது. பாடசாலைத் தமிழ்த் தினவிழாவில் ஐந்து ஆசிரியைகள் ஐந்திணையாக உடுத்திக்கொண்டு மேடையேறுவது அவளுடைய யோசனை. வெள்ளைப் பருத்திச் சேலைகளை வாங்கி, மெழுகால் எழுதிச் சாயத்தில் தோய்த்து, பத்திக் வேலைப்பாட்டில் அவளே செய்து கொடுப்பாள். சித்திரம் படிப்பிக்கிறவள் அல்லவா, படுத்தால் எழும்பினால் அந்தச் சேலைகள்தான் கண்ணுக்குள் நின்றன. குறிஞ்சிக்குக் கோணேசர் கோயில் மலையின் செங்குத்துப் பாறை. முல்லைக்குக் கோட்டைக்குள் மேய்கிற புள்ளிமான்கள். மருதத்துக்குக் கிளிவெட்டி வயலும் கொக்கும். நெய்தலுக்கு நிலாவெளியில் கரைவலை இழுக்கும்போது தண்ணீரில் விழுகிற வளைவு. இலக்கியத்துக்குள் நுழைந்து தேடவே தேவையில்லை, பஸ்ஸில் யன்னல் கரையில் இருந்தால் எல்லா நிலமும் தானாக வரும் என்று அதிபருக்கே பாடம் எடுத்திருந்தாள். பாலைக்கு மட்டும் இன்னும் ஒன்றும் கீறவில்லை. அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தாள்.

யாருக்கு எந்தத் திணை என்று கேட்கப் போய்த்தான் சண்டை வந்தது. எல்லாருக்கும் நெய்தல் வேண்டுமாம். கடற்காற்றில் வளர்ந்தவர்களுக்கு மலையைக் கொடுத்தால் என்ன நியாயம் என்று ஆசிரியர் அறையே இரண்டுபட்டது. அதனால்தான் இந்தக் குலுக்கல். முதலில் நிலுஷா எடுத்தாள். சித்திரையில் கலியாணம் முடித்தவள். குறிஞ்சி வந்தது. தமிழ் படிப்பிக்கிற யோகம்மா ரீச்சர் கண்ணாடியை உயர்த்தி, "குறிஞ்சி எண்டால் கூடல் பிள்ளை, கூடல்!" என்று அறிவித்ததும், நிலுஷா மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். யோகம்மா ரீச்சருக்கே மருதம். புருஷனோடு ஊடிக்கொள்கிற திணை.

"அது எனக்கெண்டு அளவெடுத்துத் தச்சது. எங்கட யோகலிங்கத்தாரோட ஒரு நாள் கொழுவாட்டில் எனக்குச் சாப்பாடு செமிக்காது" என்றார் அவர்.

மூதூரிலிருந்து தினம் வந்துபோகிற ஜுமானாவுக்கு முல்லை. காத்திருத்தல். "வேற ஆருக்குக் குடுக்கிற? மூதூர் பஸ்ஸுக்கு நான் காத்திருந்த காலத்தைக் கூட்டிப் பாத்தா எனக்குப் பென்ஷனே தரலாம்" என்றாள். அடுத்து தர்ஷனா எடுத்தாள். நெய்தல்! கள்ளி, அடையாளம் வைத்திருக்கிறாள் என்று எல்லாரும் அவள் முதுகில் அடித்தார்கள்.

பெட்டிக்குள் ஒரு துண்டு மிச்சம். அது லக்சாயினிக்கு. பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. என்றாலும் அவள் கணித ஆசிரியை, விடை தெரிந்தாலும் செய்துபார்க்கிறவள், நிதானமாகப் பிரித்தாள். பாலைக்கு உரியது பிரிவு என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். லக்சாயினியின் கணவன் சசிகரன் கட்டாரில் வேலை செய்கிறான் என்பதும், சித்திரைக்கு வருகிறேன் என்றவன் ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டு வராமல் விட்டான் என்பதும் அந்த அறைக்குத் தெரியும். எல்லாரும் ஒரே நேரத்தில் நிலத்தைப் பார்த்தார்கள். "சரியாத்தான் விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, கொப்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு லக்சாயினி வகுப்புக்குப் போனாள். மணி இன்னும் அடித்திருக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் தர்ஷனா சைக்கிள் கொட்டிலுக்கு ஓடிப்போய் அவளைப் பிடித்தாள். சின்ன வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் இருவரும்.

"லக்சா, நான் பாலையை எடுக்கிறன். நீ நெய்தலை எடு."

"ஏன், பாவம் பாக்கிறியோ?"

"இல்லையடி, எனக்கு எதெண்டாலும் ஒண்டுதானே..."

"உன்ர மனுசன் ஹெக்டர் அண்ணை துறைமுகத்தில வேலை முடிஞ்சு பின்னேரமானால் உன்னட்டத் தேத்தண்ணி கேட்டுக்கொண்டு வந்து நிக்கிறவர். நீ பாலை உடுத்தால் சனம் சிரிக்கும். நான் உடுத்தால் சனம் உச்சுக்கொட்டும். ரெண்டும் வேணாம். நாலு திணையோட செய்யுங்கோ. நான் வரேல்ல."

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு லக்சாயினி தன் வகுப்பறையிலேயே தங்கிவிட்டாள். தர்ஷனாவின் மீன்குழம்பில் பாதி அவளுக்கும், அவளுடைய கத்தரிக்காய்ப் பொரியலில் பாதி இவளுக்கும் என்று இருந்த நடைமுறை அப்படியே நின்றுபோனது. தர்ஷனாவுக்கு மீன்குழம்பு மிஞ்சியது. டச்பே கடற்கரையை ஒட்டிய தன் வீட்டு முற்றத்தில் அவள் மற்றச் சேலைகளை ஒவ்வொன்றாக முடித்தாள். முல்லைச் சேலையைக் காயவிட்டபோது நிஜமான மான் ஒன்று மதிலோரம் வந்து அதன் கரையை மென்று பார்த்துவிட்டுப் போனது. வேறு நாளென்றால் அதை லக்சாயினிக்குச் சொல்லி வயிறு நோகச் சிரித்திருப்பாள். இப்போது சொல்ல ஆளில்லை. கொடியில் ஐந்தாவது சேலை வெறும் வெள்ளையாகக் கிடந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. படம் கீறத் தெரிந்த மண்டைக்கு, பாலை யார் கையில் விழும் என்று ஒரு கணம் யோசிக்கத் தெரியவில்லையே! விழா போனால் போகட்டும், இன்னொரு வருஷம் வரும். லக்சா போனால் இன்னொரு லக்சாவுக்கு அவள் எங்கே போவாள்?

கடைசியில் ஒரு பின்னேரம் லக்சாயினி வீட்டுக்கு வெளிக்கிட்டாள். என்ன சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது, எங்கே மன்னிப்புக் கேட்பது என்று நிலாவெளி வீதி முழுக்க ஸ்கூட்டியில் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினாள். வெறுங்கையோடு போவதா என்று சந்தியில் நிறுத்தியபோது, ஒருத்தி ஓலைக் கடகத்தில் பாலைப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். மழை காணாத காலத்தில் காட்டிலிருந்து வருகிற பழம். மஞ்சள் மஞ்சளாய், வேப்பம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாய், தேனாய் இனிக்கும். எதுவும் யோசிக்காமல் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டாள்.

லக்சாயினி கதவைத் திறந்தாள். கதிரையைக் காட்டிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். தர்ஷனா மேசையில் பையைப் பிரித்து வைத்துவிட்டு, பாடமாக்கியதை மனதுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள். பயத்தில் கை சும்மா இருக்கவில்லை. ஒரு பழத்தை வாயில் போட்டாள். இன்னொன்று. பிறகு இன்னும் கொஞ்சம். லக்சாயினி தேத்தண்ணியோடு வந்து எதிரில் அமர்ந்து, "சொல்லு" என்றாள்.

தர்ஷனா வாயைத் திறக்கப் பார்த்தாள். திறபடவில்லை. பாலைப்பழத்தின் பால் இருக்கிறதே, அது பசைக்கு அண்ணன். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு விட்டன. "ம்... ம்ம்..." என்றாள். அவ்வளவு தூரம் பாடமாக்கிய மன்னிப்பு முழுவதும் உள்ளே நின்று முட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

லக்சாயினி அவளையே பார்த்தாள். மேசையில் கிடந்த பழங்களைப் பார்த்தாள். பிறகு வெடித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு! தேத்தண்ணி தட்டில் சிந்தியது. சிரித்துச் சிரித்தே தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து, விரலில் தொட்டு, தர்ஷனாவின் உதட்டில் தேய்த்துவிட்டாள்.

"இவரும் இப்பிடித்தான்டி நிண்டவர்" என்றாள்.

"ஆர்?"

"வேற ஆர்? எனக்கு முதல் நியமனம் கிளிவெட்டியில எல்லே. ஒரு நாள் பஸ்ஸுக்கு நிக்கிறன், இவர் பெட்டி நிறையப் பாலைப்பழத்தோட வாறார். எனக்குத் தர வந்தவர். பயத்தில ஒண்டொண்டா எல்லாத்தையும் தானே திண்டு முடிச்சிட்டார். பஸ்ஸும் வந்திட்டுது. ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார், வாய் வரேல்ல. ம்ம், ம்ம் எண்டு கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால ஓடி வாறார்."

"நீ என்ன செய்தனீ?"

"நானும் 'ம்' எண்டிட்டு ஏறிட்டன்."

இருவரும் உதட்டில் எண்ணெய் பூசிக்கொண்டு பழம் தின்றார்கள். பிறகு தர்ஷனா, "அப்ப அண்டைக்கு ஏன்டி அப்பிடிக் கோவிச்சனீ?" என்று கேட்டாள்.

"பிரிவு எண்ட சொல்லுக்கு நான் பயப்பிடேல்ல. நீங்கள் எல்லாரும் ஒரேயடியா நிலத்தைப் பாத்தீங்கள் பார், அதுதான் தாங்கேலாமல் போச்சு. செத்த வீட்டில பாக்கிற மாதிரி. எனக்கு மனுசன் இல்லாமலில்லை, தூரத்தில இருக்கிறார். கோவம் அவரோட. வாறன் எண்டவர் வந்திருக்க வேணுமெல்லே." பழக் கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "பாலை எனக்குத்தான். ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். ஆனால் காஞ்ச மரமும் கழுகும் கீறி என்னை அழவைக்கப் பாக்காத. எங்கட ஊரில பாலை எண்டால் பழம். எனக்குப் பழம் வேணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு தர்ஷனாவின் முற்றத்தில் வேலை தொடங்கியது. சேலைக்கு முதலில் மணல் நிறம் ஏற்றி, அதில் மஞ்சள் பழங்களைத் தீட்டிக் காயவைத்து, எல்லாவற்றுக்கும் மேலே மெழுகை உருக்கிப் பூசினாள் தர்ஷனா. ஹெக்டர் மீன்பிடித் துறையிலிருந்து ஐஸ்கட்டி கொண்டுவந்து வாளித் தண்ணீரில் போட்டான். அதற்குள் அமிழ்த்தி எடுத்ததும் மெழுகு ஓடுபோல் இறுகியது.

"இப்ப கசக்கு" என்றாள் தர்ஷனா.

"பழுதாகிப் போகாதோ?"

"மெழுகு வெடிச்சால்தான் சாயம் உள்ளுக்குப் போகும். மற்றச் சேலையளில வெடிக்காமல் காப்பாத்தினனான். இதுக்கு வெடிக்க வேணும்."

"எவ்வளவு கசக்க?"

"உனக்கு அவரோட எவ்வளவு கோவமோ அவ்வளவு."

லக்சாயினி முதலில் கூச்சத்தோடுதான் தொட்டாள். பிறகு கை வேகம் பிடித்தது. மெழுகு படபடவென்று வெடித்தது. "சித்திரைக்கு வாறன் எண்டனீங்கள் என்ன... வீட்டுக்கு நிறம் கூட அடிச்சு வச்சனான்... ஒப்பந்தமாம்..." என்று சேலையோடு கதைத்துக்கொண்டே முறுக்கினாள், அமுக்கினாள், கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். தர்ஷனா அடுப்பில் கொதிக்கிற தண்ணீரைப் பார்க்கிற பாவனையில் திரும்பி நின்றாள். கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கை முழுக்கச் சாயம்.

கபிலச் சாயத்தில் தோய்த்து, வெந்நீரில் மெழுகைக் கழற்றி விரித்தபோது, வற்றிய குளத்துத் தரைபோல் சேலை முழுக்க வெடிப்பு ஓடியிருந்தது. அந்த வெடிப்புகளுக்கு இடையிடையே மஞ்சள் பழங்கள். தலைப்புப் பக்கம் மட்டும் கோடுகள் குறைந்து மெல்லிசாகிப் போயிருந்தன.

"இஞ்ச ஏன் கசக்கேல்ல?"

"கை நொந்துபோச்சு."

"பொய்."

லக்சாயினி ஈரச் சேலையை உதறிக் கொடியில் போட்டாள்.

விழாவன்று மேற்கிலிருந்து வருகிற கச்சான்காற்று புழுதியை வாரி வீசியது. கடலைப் பார்த்த பள்ளிக்கூட மதிலோரம் ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். நிலுஷாவின் பாறையும், யோகம்மா ரீச்சரின் கொக்கும், ஜுமானாவின் மானும், தர்ஷனாவின் வலையும் நல்ல வடிவுதான். ஆனால் பிள்ளைகளெல்லாம் பாலையைச் சுற்றித்தான் நின்றார்கள். ஜுமானா லக்சாயினியைத் தனியாக நிறுத்திப் படம் எடுத்து, "மாப்பிள்ளைக்கு அனுப்புங்க டீச்சர், பாத்துட்டு அடுத்த பிளேனில வருவார்" என்றாள். லக்சாயினி அனுப்பினாள். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. ஃபோனைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

மேடைக்குக் கூப்பிடுகிற நேரம் ஃபோன் அதிர்ந்தது. சசிகரனின் குரல் செய்தி. அவசரத்தில் தட்ட, அது உரத்துக் கேட்டது.

"ம்ம்... ம்ம்ம்... ம்ம்..."

"என்ன, பெடியனுக்குப் பல்லுவலியோ?" என்றார் யோகம்மா ரீச்சர். ஜுமானா ஃபோன் பழுதென்று நினைத்து அதை வாங்கித் தட்டிப் பார்க்கக் கை நீட்டினாள். தர்ஷனாவுக்கு மட்டும் விளங்கியது. அவள் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லக்சாயினி ஃபோனைக் கொடுக்கவில்லை. ஒலிப்பதிவை அழுத்திக்கொண்டு வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். உள்ளேயிருந்து ஒலிபெருக்கி ஐந்து திணைகளையும் வரச் சொல்லிக் கூப்பிட்டது. அவள் உதடுகளை இறுக்கி ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். காற்று அவள் தலைப்பைத் தூக்கி மதிலுக்கு மேலால் விரித்துப் பிடித்தது, கோடு குறைந்த அந்தப் பக்கம் முழுக்கப் பழங்கள்.

"ம்" என்றாள்.