துடக்குக் கழித்த மண்டையோடு

சச்சிதானந்தனுக்கு ஒரு கிழமையாக இருப்புக் கொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் டாங்கிக்காரன் ஒருவன் சட்டைக் கழுத்தில் தைத்திருந்த பட்டித்துண்டுகள் இரண்டு அவன் கைக்கு வந்திருந்தன. கறுப்புக் கம்பளி, ரோசா நிறக் கரை, நடுவில் சின்னதாக ஒரு வெள்ளி மண்டையோடு. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் செத்துப்போன ஒரு ஜெர்மன் கிழவரின் மனைவி, புருசனின் அலுமாரியிலிருந்து எடுத்து நேரே கையில் தந்தவை. ஞாயிறு இவற்றைப் போர்ச்சின்னச் சேகரிப்பாளர் சங்கத்தின் சோதனைக்காரர் வோல்ட்டர் பார்த்து அசல் என்று சொன்னால், அந்தச் சங்கத்தில் இவனையும் சேர்த்துக்கொள்வார்கள். அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் இதுவரை இவனை வழிதவறி வந்தவனைப் போலத்தான் பார்த்தார்கள். ஊரில் ஆமிக்குப் பயந்து ரொறன்ரோவுக்கு ஓடி வந்தவனுக்கு ஆமிச் சட்டையில் இப்படியொரு பித்து! எந்தச் சனியன் பிடித்ததோ என்று அவன் மனைவி புனிதவதி கேட்பதில் பிழையில்லை.

வாய் சும்மா கிடந்திருக்கலாம். சனிக்கிழமை காலை தேத்தண்ணி குடிக்கும்போது, "செத்தவர்ரை வீட்டிலை இருந்து வந்தது. இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று அவளிடம் பெருமையடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

செத்த வீட்டுத் துணியைத் தோய்க்காமல் வீட்டுக்குள் வைத்திருப்பாளா அவள்? அவன் திரும்பி வந்தபோது இரண்டு மண்டையோடும் குளியலறைக் கம்பியில், துவாய்க்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

"என்னத்திலை தோய்ச்சனீர்?"

"சவர்க்காரத் தூளிலைதான். செத்தவீட்டுத் துடக்கெல்லே!"

தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டான். போர்க்காலத்து நூல் புறஊதா விளக்கின் கீழ் இருண்டு கிடக்கும்; பிற்காலத்துப் போலி நூல் நீலமாக மின்னும். அதுதான் வோல்ட்டரின் சோதனை. இந்தக் காலத்துச் சவர்க்காரத் தூள் பட்டால் அசலும் மின்னும்.

மறுநாள் சங்க மண்டபத்தில் வோல்ட்டர் அந்த விளக்கைப் பிடித்தார். கரை கலியாண வீட்டுச் சோடனை மாதிரி எரிந்தது. மனைவி தோய்த்துவிட்டாள் என்றான் இவன். போலி கொண்டுவருகிற எல்லோருடைய மனைவிமாரும் தோய்க்கத்தான் செய்கிறார்கள் என்றார் வோல்ட்டர். மண்டபமே சிரித்தது. மானம் போயிற்று.

வீட்டுக்கு வந்தவன் ஹோலுக்கும் குசினிக்குமாக நடந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அது அசல். நூலைப் பாத்தாலே எனக்குத் தெரியும். ஒவ்வொரு இழையும் தெரியும்."

புனிதவதிக்கும் பொறுமை போய்விட்டது. "நூல், நூல்! செல்வரட்ணத்தைக் கொண்டுபோனவன் எப்பிடி இருந்தவன் எண்டு, காணாமப்போன ஆக்களைப் பற்றி விசாரிக்க வந்தவை கேக்கேக்கை மட்டும் ஒண்டும் தெரியாதெண்டு நிண்டனீங்கள்."

செல்வரட்ணம் அவன் தம்பி. பத்து வருடத்துக்கு முன், எண்பத்தாறில், இருவரும் வந்த பஸ்ஸை மறித்த ஆமி தம்பியை மட்டும் கொண்டுபோனது. பிறகு ஒரு தகவலும் இல்லை.

"பச்சைத் துணி," என்றான் அவன், நடையை நிறுத்தாமல். "இடது தோளிலை சிவப்பு வட்டச் சின்னம். கீழ்க்கரை பிரிஞ்சுபோய், கறுப்பு நூலாலை கையாலை பிடிச்சுத் தைச்சிருந்தவன். கோணல் தையல்."

புனிதவதி திகைத்துப்போனாள். இத்தனை வருடத்தில் இதை அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"முகம்?"

அவன் நின்றான்.

"பாக்கேல்லை, புனிதம். பயத்திலை தோளையே பாத்துக்கொண்டு நிண்டிட்டன். தம்பி 'அண்ணை' எண்டு கூப்பிட்டவன். அப்பவும் தோளைத்தான் பாத்தனான்."