யார் கேட்டாலும்

திருப்பதிப் பொருட்காட்சியில் வளையல் கடையிலிருந்து தாட்சாயணி திரும்பியபோது கணவன் தனசேகர் மட்டும் நின்றிருந்தான்.

"கௌசிகா எங்க?"

"அப்பளம் வாங்கினு வரப் போயிருக்கா."

"யாரோட?"

"தனியாத்தான். அதோ, அந்தக் கடை. எட்டு வயசாவுது. அந்த வயசுல நான் வடமாலபேட்டையிலேந்து ஒத்தையா பஸ் ஏறி புத்தூர் போவேன்."

"உன் பெருமைய அப்பால பேசு. எங்க அவ?"

அப்பளக் கடையில் மகள் இல்லை. மரணக் கிணறு முடிந்து கூட்டம் அப்போதுதான் வெளியே கொட்டியிருந்தது. எத்தனையோ பிள்ளைகள் வருகிறார்கள், யாரை ஞாபகம் வைப்பது என்று கடைக்காரர் தெலுங்கில் கேட்டார்.

ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ராட்டினத்துக்குக் கீழே இல்லை. கழிப்பறையில் இல்லை. மைக்கில் ஒரு பெண்குரல் தொடங்கியது. அதற்குள் அடுத்த காட்சிக்குக் கிணற்றில் பைக்குகள் உறுமின. 'பேச்சு வராத பாப்பா' என்பது மட்டும் தாட்சாயணியின் காதில் விழுந்தது.

எவ பெத்ததோ, பாவம் என்று நினைத்துக்கொண்டே ஓடினாள்.

வாசலில் இருவரும் மோதாத குறையாகச் சந்தித்தார்கள். வெளியே சாலையில் லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.

"யார்கிட்டயாச்சும் சொல்லியிருப்பா. உன்னாட்டம் வாயாடிதானே," என்றான்.

"சொல்லமாட்டா."

"ஏன்?"

"வெளிய யார் கேட்டாலும் வாயத் தொறக்காதன்னு சொல்லி வச்சிருக்கேன். பேரு கேட்டாக்கூட. போலீஸே கேட்டாலும். தெனமும் ஸ்கூலுக்குக் கெளம்பறப்ப..."

மைக் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"அந்த மைக்கு," என்றாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தகரக் கொட்டகைக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் கௌசிகா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் தொடைக்கு அடியில். அம்மாவைப் பார்த்தும் எழவில்லை.

"மீ பாப்பா?" என்றாள் மைக் வைத்திருந்த பெண். "பேரு அடிகிதே செப்பலேது. தமிழ்லயும் பேரு கேட்டேன், சொல்லல. காது கேக்குது, பேச்சுதான் இல்லன்னு நெனச்சேன். அழுது அழுது தொண்ட கட்டிப்போச்சு. தண்ணி குடுத்தா தொடமாட்டேங்குது."

மேஜையில் பாட்டில் நிரம்பி இருந்தது. குழந்தையின் உதடு வெடித்திருந்தது.

"அம்மா," என்றாள் கௌசிகா. குரல் சரியாக வரவில்லை. "அத குடிக்கட்டா?"

தாட்சாயணி செருப்பைக் கீழே போட்டுவிட்டு அவள் முன்னால் மண்டியிட்டாள்.

தனசேகர் மூடியைத் திருகி நீட்டினான். "குடி கண்ணு, நைனா குடுக்கறேன்ல."

அவள் நைனாவின் கையைப் பார்க்கவேயில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.