சாபப் பொருள் அதிகாரி

உர்போ பேசுவதை நிறுத்தி மூன்று வாரம் ஆன பிறகுதான் எங்களுக்கு அது தெரியவந்தது. இதில் எங்கள் மேல் தப்பில்லை. பின்லாந்தில், எங்கள் ஊரான கியுருவேசியில், ஒரு மனிதர் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை என்றால், உடம்பும் மனசும் நன்றாக இருக்கின்றன என்றுதான் எடுத்துக்கொள்வோம். இரண்டாம் நாளே போய் என்ன ஆச்சு என்று விசாரித்திருந்தால், விசாரித்தவரைத்தான் ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கும்.

கண்டுபிடித்தது கெர்த்து. எங்கள் வியாழக்கிழமைக் கணினி விளையாட்டு தொடங்கும்போது உர்போ எப்போதும் "சரி, அப்புறம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். பத்தொன்பது வருஷம் ஞாயிறுதோறும் விளையாட்டுச் சங்கத்து மண்டபத்தில், சீட்டில் எண்களைக் குறிக்கிற பிங்கோ ஆட்டத்துக்கு, எண்களைக் கூவிப் பழகிய குரல் அது. அவர் "எழுபத்தேழு" என்றால் அரசாங்கமே எழுபத்தேழு என்று அறிவித்த மாதிரி இருக்கும். எங்கள் ஊரில் கம்பீரம் என்று ஒன்று இருந்ததென்றால் அந்தக் குரல்தான். மற்றதெல்லாம் ஏரியும் பால்பண்ணையும்.

"மூணு வாரமா 'சரி அப்புறம்' வரல," என்றாள் கெர்த்து. அப்போதுதான் நாங்கள் மூவரும் யோசித்துப் பார்த்தோம். உண்மைதான்.

நாங்கள் நான்கு பேர். வியாழக்கிழமை பட்டாணி சூப்பையும் பான்கேக்கையும் முடித்துவிட்டு, சரியாக மாலை ஐந்து மணிக்கு, அவரவர் வீட்டில் கணினி முன் உட்கார்ந்து பேய் தேடுவோம். கைவிடப்பட்ட ஒரு வீடு. கையில் டார்ச். உள்ளே இருப்பது என்ன வகைப் பேய் என்று கண்டுபிடித்து, ஒருவராவது உயிரோடு வெளியே வந்தால் வெற்றி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாபப் பொருள் கிடக்கும். கைக்கண்ணாடி, இசைப்பெட்டி, துணிப்பொம்மை, கேள்விப்பலகை, இப்படி ஏதாவது ஒன்று. அதைத் தொட்டால் மணிக்கணக்காகத் தேடவேண்டிய விஷயம் நொடியில் தெரிந்துவிடும். பதிலுக்கு நம் தெம்பைத் தின்றுவிடும். தெம்பு குறைந்தால் பேய் வேட்டைக்குக் கிளம்பும். இன்னொன்று, பேய்க்குக் காது உண்டு. மைக்கில் நாம் பேசுவதைக் கேட்டு, பேச்சு வரும் திசைக்கு நடந்து வரும்.

எங்கள் தலைவர் ரவுனோ. கெர்த்துவின் கணவர். நகராட்சிக் குப்பை பிரிக்கும் நிலையத்தின் மேற்பார்வையாளர், ரிசர்வ் படையில் சார்ஜென்ட். இந்த இரண்டு பதவிகளில் எது பெரியது என்று அவருக்கே சந்தேகம் இருந்ததால் இரண்டு மிடுக்கையும் சேர்த்தே சுமந்தார். "சாபப் பொருட்கள்: பயன்பாட்டுக் கையேடு" என்று முப்பத்தெட்டுப் பக்கம் எழுதி, லேமினேட் செய்து, எங்களுக்கு ஆளுக்கொன்று தபாலில் அனுப்பினார். எல்லாருடைய வீடும் பத்து நிமிட நடைதான். முதல் விதி: தளபதி எந்தக் காரணத்தைக் கொண்டும் சாபப் பொருளைத் தொடக் கூடாது. தளபதி யார் என்பதற்கு ஒரு அடிக்குறிப்பு. மீதி முப்பத்தேழு பக்கத்தின் சாரம், கெர்த்துவை முதலில் அனுப்புவது. அவள் பின்னல் போட்டபடியே விளையாடுவாள், முதலில் சாவாள், செத்த பிறகு நிம்மதியாக சாக்ஸின் குதிகாலைப் பின்னுவாள்.

உர்போவின் மௌனம் தெரிந்ததும் ரவுனோ வருத்தப்பட்டார் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் வருத்தம் முழுதாக வருவதற்குள் யோசனை வந்துவிட்டது. பேசாத மனிதனைப் பேய்க்குக் கேட்காது. ஆக, இசைப்பெட்டியைத் திறந்துவிட்டு அலமாரிக்குள் ஒளிந்துகொள்ள இவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? அடுத்த வாரமே உர்போ "சாபப் பொருள் அதிகாரி" ஆனார். நியமனக் கடிதமும் லேமினேட் ஆகித் தபாலில் போயிற்று. டார்ச்சை ஒரு தடவை அணைத்து ஏற்றினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. அவ்வளவுதான் அவருடைய பேச்சு. ஒரு மாலைக்கு நாலைந்து வீடு என்று நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். பத்து, இருபது, நாற்பது. கெர்த்துகூடச் சில வாரம் உயிரோடு வெளியே வந்து, பழக்கமில்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

நான் பல் மருத்துவமனையில் தாதி. என் நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லாருமே பேசாதவர்கள்தான். அதனாலோ என்னவோ உர்போ அங்கேதான் மனம் திறந்தார், கழுத்தில் ஒரு ஸ்கார்ஃபும் மடியில் ஒரு நோட்டுமாக. குரல்நாணில் ஒரு கட்டி, எடுத்துவிட்டார்கள், கெட்ட கட்டி இல்லை என்று எழுதிக் காட்டினார். குரல் வரும். ஆனால் பழைய குரல் இல்லை, நாய் பிளாஸ்டிக் வாளியைக் கடிக்கிற சத்தம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் தினமும் யாரோடாவது பேசச் சொல்கிறாள்.

எங்களோடு பேச வேண்டியதுதானே என்றேன். அவர் வெகுநேரம் எழுதினார். "நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்காவிட்டால் இன்னும் மோசம்."

பிறகு கீழே இன்னொரு வரி எழுதினார். மண்டபத்தில் இப்போது வாடகைக்கு எடுத்த ஒரு இயந்திரம் எண் சொல்கிறது. ஹெல்சின்கியில் பதிவு செய்த பெண் குரல், ரயிலுக்கு நேரமாகிவிட்டவள் மாதிரி. ஏப்ரல் முப்பதாம் தேதி, மே தினத் திருவிழாவான வாப்புவுக்கு முந்தின நாள், சங்கத்துக் கமிட்டி கூடுகிறது. அதற்குள் உர்போ திரும்பாவிட்டால் இயந்திரத்தையே வாங்கிவிடுவார்கள். "மனிதனுக்கே புரியாத குரலை வைத்து எண் சொல்ல முடியாது" என்று எழுதி, நோட்டை மூடி, வாயைத் திறந்தார். நான் பல்லைச் சுத்தம் செய்தேன்.

அன்று சாயங்காலம் அட்டைப்பெட்டிகளைப் போடுகிற சாக்கில் குப்பை நிலையத்துக்குப் போனேன். ரவுனோ மஞ்சள் மேலங்கியோடு கண்ணாடித் தொட்டிக்கும் உலோகத் தொட்டிக்கும் நடுவே அணிவகுப்பைப் பார்வையிடுகிறவர் மாதிரி நின்றிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நாம் அந்த மனுஷனுக்கு ஊமையாக இருப்பதற்குப் பதவி கொடுத்து வைத்திருக்கிறோம், பேசாமல் இருக்க இருக்க ஜெயிக்கிறோம், அவர் ஏன் பேசுவார் என்று கேட்டேன்.

ரவுனோ தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்பத்தொன்பது பணிகள் தொடர்ச்சியாக வெற்றி, ஐம்பதாவது வரலாற்றுச் சிறப்புடையது, இந்த நேரத்தில் ஆள் மாற்றம் அறிவார்ந்த முடிவல்ல என்றார். கெர்த்து கேக்குக்குச் சொல்லிவிட்டாள், அதன் மேல் ஐம்பது என்று எழுதியும் ஆயிற்று என்றார். எனக்கு அந்த மேலங்கியோடு அவரைக் கண்ணாடித் தொட்டியில் போட்டால் என்ன என்று தோன்றியது.

திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கேட்டார்.

"முப்பதாம் தேதியா?"

"ஆமா."

"அந்தப் பால் டப்பாவை நசுக்கிப் போடு சைமி. காத்தை நாங்க வாங்குறதில்ல."

வாப்புவுக்கு முந்தின வியாழன், ஐம்பதாவது வீடு. பழைய பண்ணைவீடு. சமையலறை மேசை மேல் கேள்விப்பலகை கிடந்தது. எல்லாச் சாபப் பொருட்களிலும் அதுதான் மோசம். வாயால் கேள்வி கேட்டால் பதில் சொல்லும், ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் வீட்டிலிருக்கிற எல்லாருடைய தெம்பும் இறங்கும். திறந்த பலகையை மூடவும் வேண்டும். உயிரோடிருக்கிற யாராவது அதன் முன் நின்று, மைக்கில், "போயிட்டு வரேன்" என்று தெளிவாகச் சொன்னால்தான் மூடும். மூடாதவரை வாசல் கதவு திறக்காது, வேட்டையும் நிற்காது. கையேட்டின்படி பலகை என் பொறுப்பு. உர்போவை அதன் பக்கமே விடக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது.

அன்று ரவுனோ கெர்த்துவை நிலவறைக்கு அனுப்பினார். என்னைச் சாமான் அறைக்குப் போய் ஜாடிகளை எண்ணச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். கட்டளை என்றார். நான் உள்ளே போனதும் கதவைச் சாத்திப் பூட்டினார். உர்போ சமையலறையிலேயே, அலமாரி ஓரமாக நிற்கவேண்டும் என்றார். அதன் பிறகு, முதல் விதியை எழுதிய அதே மனிதர், தன் கையால் பலகையைத் திறந்தார்.

உனக்கு என்ன வயது என்று பேயைக் கேட்டார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். பட்டாணி சூப்பில் கடுகு போடுவாயா மாட்டாயா என்று கேட்டார். பலகைக்கு சூப்பைப் பற்றித் தெரியவில்லை, ஆனாலும் தெம்பைக் கழித்துக்கொண்டது. விளக்குகள் துடித்தன. வேட்டை தொடங்கிவிட்டது.

கெர்த்து நிலவறையில், வழக்கம்போல, முதலில் செத்தாள். அப்போது ரவுனோ செய்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஒளிவதற்குப் பதில் கூடத்தின் நடுவில் போய் நின்று, உரத்த குரலில், குப்பை பிரிக்கும் விதிகளை ஒப்பித்தார். கண்ணாடி தனி. உலோகம் தனி. உணவுக் கழிவு பழுப்புப் பையில். நான்காவது விதிக்கு வருவதற்குள் பேய் வந்துவிட்டது. நான் சாமான் அறைக் கதவோடு மல்லாடிக்கொண்டு அவரைத் திட்டினேன், மைக்கில்தான். ஆக நானும் போய்ச் சேர்ந்தேன்.

இறந்தவர்கள் எல்லாவற்றையும் பார்க்கலாம், கேட்கலாம். நாங்கள் பேசுவது மட்டும் உயிரோடிருப்பவருக்குக் கேட்காது. மூன்று பிணங்கள் சமையலறையில் நின்றோம். அலமாரி ஓரத்தில் உர்போவின் டார்ச். மேசை மேல் திறந்த பலகை. இரண்டுக்கும் நடுவே நாலடி தூரம்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க? அவரு இப்ப ஒரு பட்டனை அமுக்கிட்டு விளையாட்ட விட்டே வெளிய போயிருவாரு. இனி வியாழக்கிழமைக்கும் வரமாட்டாரு," என்றேன்.

கெர்த்துவின் பின்னல் ஊசிச் சத்தம் நின்றிருந்தது.

டார்ச் இரண்டு தடவை அணைந்து எரிந்தது. இல்லை. சற்றுப் பொறுத்து மறுபடி இரண்டு தடவை, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பேய் கூடத்தைக் கடந்து மாடிப்படி பக்கம் போயிற்று. டார்ச் ஒளி மெல்ல நகர்ந்து பலகை மேல் வந்து நின்றது. மைக்கில் ஒரு மூச்சு. ஒரு செருமல்.

"போயிட்டு வரேன்."

நாய், வாளி, எதுவும் மிகையில்லை. சரளைக்கல்லை வண்டியிலிருந்து கொட்டுகிற குரல். பலகை அசையவில்லை.

இதற்குத்தான் அவர் பயந்தார். யாருக்கும் புரியாது என்று. மாடிப்படியில் காலடி திரும்பியது. அவர் குரலை நோக்கித்தான் வந்தது. ரவுனோவின் மைக்கில் அவருடைய நாற்காலி கிறீச்சிட்டது. "இன்னொரு தடவ," என்றார் ரவுனோ, கேட்க முடியாதவரிடம். "இன்னொரு தடவடா, உர்போ." சார்ஜென்ட் குரல் இல்லை அது. அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

"பெர்கெலே!" என்று எங்கள் ஊர்க் கெட்ட வார்த்தையைக் கொட்டியது சரளைக்கல். "போயிட்டு வரேன்னு சொல்றேன்ல!"

பலகை மூடியது. வாசல் கதவு திறந்தது. உர்போ நடந்து வெளியே வந்தார்.

நாங்கள் நால்வரும் மறுபடி விளையாட்டின் பொது அறையில் பேசிக்கொள்ள முடிந்தபோது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பெரிய விஷயம் நடந்தால் அதற்குச் செய்கிற மரியாதை அதுதான். கடைசியில் ரவுனோதான் செருமிக்கொண்டு, பணி வெற்றி என்றாலும், முதல் முறை சொன்ன விடைபெறல் போதிய தெளிவில்லாமல் இருந்ததைக் குறிப்பிட விரும்புவதாகச் சொன்னார்.

"வாய மூடு, ரவுனோ," என்றது சரளைக்கல்.

"தளபதிக்கு அவ்ளோதான் மரியாத," என்றாள் கெர்த்து. "எல்லாரும் கேக் திங்க வாங்க. நடந்தே வரலாம்."

கேக் தீரும்வரை உர்போ பத்து வார்த்தை பேசியிருப்பார். அதில் இரண்டு "காபி". யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். "சரி, அப்புறம்" என்று அவர் கிளம்பியபோது கெர்த்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். அவரும் சிரித்தார். சிரிப்பில் மட்டும் குரல் மாறவே இல்லை.

தட்டுகளை எடுத்து வைக்கும்போது அலமாரி மேல் கையேட்டின் புதிய பதிப்பைப் பார்த்தேன். இன்னும் லேமினேட் ஆகவில்லை. தேதி, நான் குப்பை நிலையத்துக்குப் போன அன்றைக்கு மறுநாள். முதல் விதி அடித்துத் திருத்தப்பட்டிருந்தது: "தேவை ஏற்படின் தளபதி சாகலாம்." அதன் கீழே: "மூவர் இழப்பு ஏற்கத்தக்கது. சைமியைப் பூட்டி வைக்கவும். இல்லையேல் பலகையை அவளே மூடிவிடுவாள்." ஐம்பதாவது கைநழுவினால் என்ன செய்வது என்றும் ஒரு விதி இருந்தது. "மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவும்." கையேட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போனோம். கமிட்டிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. இயந்திரத்தை ஓரமாக ஒரு துணி போட்டு மூடியிருந்தார்கள். உர்போ மேடையேறி மைக்கைத் தட்டிப் பார்த்தார், ஒரு பந்தை எடுத்தார்.

"நாப்பத்தொண்ணு."

மண்டபம் அப்படியே நின்றது. பின்வரிசையிலிருந்து ஹில்க்கா, காதில் கருவி வைத்திருப்பவள், கூப்பிட்டாள். "என்ன நம்பர் சொன்ன?"

உர்போவின் கை அந்தரத்தில் நின்றது. என் பக்கத்தில் ரவுனோ முதுகை நிமிர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாப்பத்தொண்ணுன்னு சொல்றேன்ல, ஹில்க்கா."

"அப்பிடிச் சொல்லு," என்று ஹில்க்கா தன் சீட்டில் குத்தினாள். மண்டபம் முழுக்க பேனாக்கள் டப்பு டப்பென்று இறங்கின.

ரவுனோவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் சீட்டில் ஒரு புள்ளி வைத்தார். அவருடைய சீட்டில் நாற்பத்தொன்றே இல்லை. கெர்த்து அதைப் பார்த்தாள். அடுத்த எண்ணுக்குக் காதைத் தீட்டிக்கொண்டாள்.