எவரார்டின் குழிக்கு ஐம்பது நிமிடம்

பிரிட்டிஷ் ஜாஸ் இசையின் எதிர்காலம் சரியாகப் பத்தே முக்காலுக்குக் கல்லறைத் தோட்டத்தின் வடக்கு வாசலை வந்தடையும் என்று அதன் மேலாளர் இமோஜென் குடும்பத்தாருக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தாள்.

எதிர்காலம் பதினொன்று ஐந்துக்கு வந்தது. கூடவே ஒரு சாக்ஸபோன் பெட்டி, வாத்தியக் குழுத் தோழர்கள் மூவர், படமெடுக்க ஓர் ஆள்.

இசைப் பத்திரிகை ஒன்று கியோனுக்குச் சூட்டிய பட்டம் அது. அந்த எதிர்காலத்துக்கு மூக்குச் சிந்திவிட்டு, சனிக்கிழமை தோறும் இசை வகுப்புக்கு இழுத்துப் போனவள் அக்கா மார்வா. தம்பியைவிடப் பதினெட்டு வயது மூத்தவள். கடைசிப் பதினான்கு மாதங்கள் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்துத் துடைத்தவளும் அவள்தான். இப்போது புதுக் கறுப்புச் செருப்புக்குள் அவளுடைய கால்கள் வீங்கிக்கொண்டிருந்தன. எப்படியாவது இது முடிந்து எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

அப்பா எவரார்ட், லண்டன் லூயிஷமில் முப்பத்தொரு வருடம் பேருந்துகளுக்கு பிரேக் மாட்டியவர். சாவதற்கு முந்தைய வாரம் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மெஷினை விட்டு என் மேல மண்ணத் தள்ள விட்டுடாத. நான் என்ன ரோட்டுப் பள்ளமா?"

அப்பாவின் பூர்வீகம் கரீபியக் கடலில் உள்ள கிரெனடாத் தீவு. கிரெனடாக்காரர்கள் தங்கள் ஆளைத் தாங்களேதான் மூடுவார்கள். ஆண்கள் மண்வெட்டி பிடிப்பார்கள். குழி நிறையும்வரை பெண்கள் பாட்டை நிறுத்த மாட்டார்கள். இந்த ஏற்பாட்டுக்கு நகராட்சி கொடுத்திருந்த நேரம் பதினொன்றிலிருந்து பதினொன்று ஐம்பது வரை. பக்கத்துக் குழிக்குப் பன்னிரண்டு மணிக்கு வேறொருவர் வருகிறார். அதற்குள் முடியாவிட்டால் மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அது நாலு மரங்களுக்கு அப்பால் நின்றது. அருகில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

சவப்பெட்டி குழிக்குள் இறங்கியது. பாதிரியார் முடித்தார். ஆன்ட்டி யூஃபீமியா, அப்பாவின் தங்கை, பாட்டெடுக்க வாயைத் திறந்தாள். அதற்குள் கியோன் ஊத ஆரம்பித்துவிட்டான்.

அவள் எடுக்கவிருந்த அதே தேவாலயப் பாட்டுத்தான், முதல் இரண்டு வரிவரைக்கும். அதன்பிறகு பாட்டு எங்கேயோ புறப்பட்டுப் போனது. பெண்கள் சேர்ந்துகொள்ள இடம் தேடினார்கள், கிடைக்கவில்லை. முதலில் நாலு வெட்டு மண் தள்ளிய ஆண்கள், கச்சேரி நடுவில் பாத்திரம் கழுவுகிற மாதிரி இருக்கிறதே என்று கூச்சப்பட்டு, மண்வெட்டிமேல் சாய்ந்து நின்றுவிட்டார்கள்.

பத்தாவது நிமிடத்தில் கியோன் உச்சிக்கு ஏறி இறங்கி மூச்சு வாங்கினான். தனி வாசிப்பு முடிந்தால் கைதட்டுவது ஜாஸ்காரர்களின் பழக்கம். தோழர்கள் மூவரும் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டார்கள். கைதட்டல் கேட்டால் இன்னொரு சுற்று எடுப்பது கியோனின் பழக்கம். எடுத்தான்.

ஆன்ட்டி யூஃபீமியா திரும்பித் தோழர்களைப் பார்த்தாள். அவர்கள் கைகளைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்கள்.

பதினொன்று முப்பத்தைந்து. மஞ்சள் சட்டைக்காரர் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தார். மார்வா ஈர மண்ணில் குதிகால் புதையப் புதைய நடந்து தம்பியின் பக்கத்தில் போய் நின்றாள். அவன் ஊதுவதை நிறுத்தும்வரை அங்கேயே நின்றாள்.

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"இன்னும் முடியல மார்வா. இப்பதான் அப்பாகிட்ட வந்துட்டிருக்கேன்."

"அப்பா இங்கதான்டா இருக்காரு. கால்கிட்ட. மூடாம கெடக்காரு."

கியோன் குழியை எட்டிப் பார்த்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் பார்த்தான் என்று அவளுக்குத் தோன்றியது. வாத்தியத்தைப் புல்லில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவரின் மண்வெட்டியை வாங்கினான். சனிக்கிழமை விழா மேடை இருக்கிறது, விரல்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாமே என்று இமோஜென் மெல்லிய குரலில் சொன்னாள். ஆன்ட்டி யூஃபீமியா அரை சுருதி இறக்கமாகப் பாட்டை ஆரம்பித்தாள். பெண்கள் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. மண் விழத் தொடங்கியது.

கியோனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை. பாதி மண் அவன் காலணியிலேயே விழுந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. பதினொன்று ஐம்பதுக்குக் குழி பாதிதான் நிறைந்திருந்தது. மார்வா இயந்திரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. சத்தம் வரும் என்று முதுகால் காத்திருந்தாள். வரவில்லை. பெண்கள் அதே பாட்டை ஐந்தாம் முறை பாடினார்கள். பன்னிரண்டேகாலுக்கு மேடு எழும்பிவிட்டது. ஆண்கள் மண்வெட்டியின் முதுகால் அதைத் தட்டிச் சமன் செய்தார்கள்.

கியோன் உள்ளங்கையைப் பார்த்தபடி வந்து அவள் அருகில் நின்றான். இரண்டு கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது.

"நான் வாசிச்சது அப்பாவுக்குப் புடிச்சிருக்குமா?"

உப்பில்லாத சூப்பில் உப்பு இருக்கிறது என்று பதினான்கு மாதம் அப்பாவிடம் பொய் சொன்னவளுக்கு, இன்னொரு பொய்க்குத் தெம்பில்லை.

"ரெண்டு நிமிஷம் கேட்டிருப்பாரு."

"அப்புறம்?"

"கோட்ட மாட்டிட்டுக் கெளம்பியிருப்பாரு."

கியோன் சிரிக்க ஆரம்பித்தான். அது சிரிப்பாக முடியவில்லை. மார்வா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

கடவுள் கடிகாரத்தைப் பிடித்து நிறுத்தினார் என்று ஆன்ட்டி யூஃபீமியா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொன்னாள். அந்த இசையில் உருகி ஓர் எளிய தொழிலாளி தன் இயந்திரத்தை அணைத்துவிட்டார் என்று இமோஜென் சாயங்காலம் இணையத்தில் எழுதினாள். பதினோராயிரம் பேர் விரும்பினார்கள்.

பன்னிரண்டு மணிக்கு வரவேண்டிய அடுத்த சவ வண்டி தெற்குச் சுற்றுச் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது.